குலுக்கை நின்ற வீடு

மாசி பிறந்துவிட்டால் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வீட்டுக்குள் பருத்தி வந்துவிடும். காட்டில் எடுத்த பருத்தியை மடியிலும் பொட்டணத்திலும் கட்டிக் கொண்டுவந்து உள்வீட்டில் கொட்டுவார்கள். நாள் போகப் போகக் குவியல் சுவரில் ஏறும். விலை படிந்து வியாபாரி வண்டியோடு வரும்வரை அந்த இடம் பருத்திக்குத்தான். மனிதர்கள் திண்ணைக்கும் முற்றத்துக்கும் நகர்ந்துகொள்வார்கள். பின்னாலேயே மிளகாய் வத்தலும் மல்லியும் வந்து சேரும். ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் விளைச்சலுக்கு இடம் விட்டுக் கொடுக்க வேண்டிய வீட்டில் கட்டிலையும் மேசையையும் அலமாரியையும் எங்கே போடுவது? அந்தக் காலத்துக் கரிசல் வீட்டில் சாமான் குறைவாக இருந்ததற்கு முதல் காரணமே இந்தப் பருத்திதான்.

வைப்பாற்றின் கரையில் இருக்கிறது விளாத்திகுளம். அங்கிருந்து எட்டயபுரம், புதூர், நாகலாபுரம் என்று கோவில்பட்டி வரை விரியும் நிலம் பெரும்பாலும் மானாவாரி. ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இறங்கிவிடும். அந்த ஈரத்தைக் கரிசல் பிடித்து வைத்துக்கொண்டு தை, மாசி வரை பயிருக்குக் கொடுக்கும். புரட்டாசியில் விதைத்த கம்பும் சோளமும் குதிரைவாலியும் தையில் களத்துக்கு வரும். பருத்தி சித்திரை வரை வெடிக்கும். அதன் பிறகு நிலம் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். வருமானம் ஒரு பருவத்தில், சாப்பாடு பன்னிரண்டு மாதமும். அடுத்த ஆண்டு மழை உண்டா என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கவலைக்குக் கரிசல்காரர்கள் வீட்டுக்குள்ளேயே எழுப்பிக்கொண்ட பதில்தான் குலுக்கை.

வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்த மண்ணை உறை உறையாக ஏற்றிக் கட்டுவது குலுக்கை. ஓர் உறை காய்ந்த பிறகே அடுத்த உறை. உள்ளும் புறமும் சாணம் போட்டு மெழுகுவார்கள். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் குலுக்கைகளும் உண்டு. கட்டி முடித்தால் வாசல் வழியே வெளியே எடுக்க முடியாது. மேல்வாய் வழியாகத் தானியத்தைக் கொட்டி மூடிப் பூசிவிட்டால், அடியில் இருக்கும் சிறு துவாரம் ஒன்றுதான் வழி. அதில் பழந்துணியைப் பந்தாகச் சுருட்டித் திணித்திருப்பார்கள். துணியை உருவினால் கம்பு தானாக இறங்கிச் சுளகில் விழும். அன்றைக்கு வேண்டியது விழுந்ததும் மறுபடி அடைத்துவிட வேண்டும். எத்தனை மரக்கால் உள்ளே போனது, எத்தனை உழக்கு வெளியே வந்தது, மிச்சம் எந்த மாதம் வரை தாங்கும் என்ற கணக்கெல்லாம் வீட்டில் மூத்த பெண்ணின் தலைக்குள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிகளைப் போல வரவு செலவு பார்த்தவர்கள் எந்தக் கச்சேரியிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

விதைக்கு எடுத்து வைத்தது தனி. துவரைக்குச் செம்மண் பூசி வெயிலில் காயவைத்தார்கள். உளுந்திலும் பாசியிலும் வேப்பிலை, நொச்சி இலை போட்டு வைத்தார்கள். பட்டினி கிடந்தாலும் விதையில் கைவைக்க மனம் வராது.

இவற்றைக் கழித்துவிட்டால் வீட்டில் மிச்சம் இருந்தது சொற்பம். உரல், உலக்கை, அம்மி, திருகை. மூலையில் அடுக்குப் பானை; கீழ்ப்பானையில் பருப்பு என்றால் மேலே புளி, அதற்கு மேலே கருப்பட்டி. இரண்டு சுளகு, ஓலைக் கொட்டான், நார்ப்பெட்டி, கடகம். வசதியுள்ள வீட்டில் ஆளுக்கொரு வெண்கலக் கும்பா. கம்மங்கூழோ குதிரைவாலிச் சோறோ அதில்தான். நெல்லுச் சோறு நாள் கிழமைக்கு மட்டும். சுருட்டி வைத்த பாய்கள், கொடியில் மாற்றுத் துணி, மாடத்தில் விளக்கு. வேம்பார், வைப்பாறு கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் கருப்பட்டியும் உள்ளூருக்கு வரும். அவற்றுக்கு மாற்றாகப் பெரும்பாலும் தானியத்தையோ பருத்தியையோ கொடுத்தார்கள். கையில் காசு புரள்வது அபூர்வம் என்பதால், பார்த்ததை ஆசைப்பட்டு வாங்கும் பழக்கத்துக்கும் இடம் குறைவு. மிஞ்சிய பணம் பொன்னாகிப் பெண்களின் காதில் பாம்படமாகவும் தண்டட்டியாகவும் தொங்கியது. அதைக் கழற்றும் நாள் வந்தால் அந்த வருசம் மோசம் என்று ஊருக்கே தெரியும்.

இவ்வளவு குறைந்த சாமானோடு ஒரு குடும்பம் காலந்தள்ள முடிந்ததென்றால் அதற்கு வெளியே இருந்து இரண்டு ஏற்பாடுகள் துணை நின்றன. ஒன்று இரவல், இன்னொன்று பழுது பார்ப்பு.

கல்யாணமோ காதுகுத்தோ, நூறு பேருக்கு ஆக்கிப்போட அண்டாவும் கொப்பரையும் வேண்டும். அவற்றை வீட்டுக்கு வீடு வாங்கி வைக்க மாட்டார்கள். ஊர்ப் பொதுவில், உறவின்முறை மடத்திலோ கோயிலிலோ அடுக்கிக் கிடக்கும். தேவைப்பட்டவர்கள் எண்ணி வாங்கிப் போய், தேய்த்துக் கழுவி, எண்ணித் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடும் கொடுக்கல் வாங்கல் உண்டு. திருகை ஒரு வீட்டில் இருந்தால் நாலு வீட்டு உளுந்து அங்கே உடையும். பழைய வெண்கலப் பானை எதையாவது வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், கழுத்துப் பக்கம் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரியும்: தலைப்பெழுத்து, பெயர், சிலவற்றில் தேதி. பல அடுப்படிகளுக்குப் போய் வந்த பாத்திரம் சொந்த வீட்டுக்குத் திரும்ப அந்த எழுத்துத்தான் சாட்சி.

பழுது பார்ப்பவர்கள் வீடு தேடி வந்தார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும், பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டே வந்து மரத்தடியில் குழி தோண்டி, துருத்தியை வைத்துக் கரியைப் பற்றவைப்பார். நன்றாகக் காய்ந்த பாத்திரத்துக்குள் நவச்சாரப் பொடியைத் தூவியதும் குப்பென்று வெண்புகை கிளம்பும். ஈயக் குச்சியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சை வைத்து ஒரு சுற்றுத் துடைப்பு. கறுத்துக் கிடந்த உட்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி போல் மின்னும். தண்ணீரில் முக்கிச் சத்தம் அடங்கியதும் கையில் கொடுத்துவிடுவார். அவர் மாதிரியே அம்மி கொத்துபவர், சாணை பிடிப்பவர், ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர், குடை தைப்பவர் என்று ஆட்கள் வருவார்கள். உள்ளூரில் கொல்லரும் தச்சரும் வேளாரும் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. குறைவாக வாங்கி நிறைவாக வாழ்வது பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தத் தொழிலாளிகளை மறந்துவிடுகிறார்கள். ஒரு பொருள் முப்பது வருசம் உழைக்க வேண்டுமானால் அதைச் சரிசெய்யும் கை கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

வருசத்துக்கு ஒரு தடவை வீடு முழுவதும் வெளியே வரும். மார்கழிக் கடைசியில் பானை சட்டி எல்லாம் முற்றத்துக்குப் போகும்; சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சாணம். போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவார்கள். கழிப்பதற்கு என்ன இருந்தது? விரிசல் விட்ட பானை, நைந்த பாய், இற்றுப்போன கடகம், தேய்ந்த விளக்குமாறு. குப்பைக்குழியில் போட்டால் ஓடு தவிர மற்றதெல்லாம் அடுத்த உழவுக்குள் மட்கிக் காட்டுக்கு எருவாகப் போய்விடும். பருத்தியில் கொட்டை மாட்டுக்கு, மார் அடுப்புக்கு, கம்மந்தட்டை தொழுவத்துக்கு. வீணாகிற பொருள் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது.

இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பாதி வரலாறு மறைந்துபோகும். கரிசல் வீடு வெறிச்சோடியதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அவற்றில் பெருமைப்பட எதுவும் இல்லை.

1876 தாது வருசம். அந்த ஆண்டு தொடங்கி 1878 வரை நீண்ட பஞ்சம் சென்னை மாகாணத்தையே சூறையாடியது. குலுக்கை காலியானதும் பாம்படம் போனது, பிறகு பாத்திரம், பிறகு மாடு. கடைசியில் மனிதர்களே போனார்கள். தூத்துக்குடியில் தோணி ஏறி இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டினார்கள். அதே 1876-இல்தான் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பாதை திறந்த அதே வேளையில் அதை விளைவித்தவர்கள் கஞ்சித்தொட்டி தேடி அலைந்தார்கள்.

பஞ்சமில்லாத வருசத்திலும் வரி இருந்தது. தீர்வை பாக்கி விழுந்தால் ஜப்தி. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன் எழுதிய ‘கதவு’ சிறுகதையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போக வேறு பொருள் இல்லாத ஏழை வீட்டில், தீர்வை பாக்கிக்காக வாசல் கதவையே கழற்றிக்கொண்டு போகிறார்கள். குழந்தைகள் ஏறி ஆடிய கதவு அது. அதற்குப் பிறகு வாடைக்காற்று தடையில்லாமல் உள்ளே வருகிறது. பொருள் குறைவாக இருந்தால் மனம் லேசாகும் என்று அந்த வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இதைவிடக் கொடியது சாதியின் பெயரால் வந்த வறுமை. விளாத்திகுளத்துக்கு வடக்கேயும் கிழக்கேயும் அன்று விரிந்து கிடந்தது ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்பவற்றோடு இன்னொரு தடையும் அதில் உண்டு: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியக் களஞ்சியங்களும் உடைமைகளும் நாசமாக்கப்பட்டன. ஒரு வீட்டில் மண்பானை இருப்பது அழகு என்று இன்று நினைக்கிறோம். அதைத் தவிர வேறு வைத்துக்கொள்ள விடாதபோது அதே பானை அடிமைத்தனத்தின் அடையாளம்.

ஆகவே கரிசலின் பழைய வீட்டை ‘எளிமை’ என்ற ஒரே சொல்லால் புகழ்வது நியாயமில்லை. தானே அளந்து ‘இது போதும்’ என்று வைத்த வீடும், ‘உனக்கு இவ்வளவுதான்’ என்று அடுத்தவர் அளந்து விட்ட வீடும் ஒரே தெருக்கோடியில் இருந்தன. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத் தெரியும்.

வாங்காமல் இருப்பதையே ஆயுதமாக்கிய வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு. விளாத்திகுளத்தை அடுத்த ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தின்போது அவர் பேச்சைக் கேட்க ஊரே கூடியது. அன்னியப் பொருளை விலக்கச் சொன்ன சுதேசிக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. எதை விலக்குவது, அதற்குப் பதில் யார் செய்ததை வாங்குவது என்ற இரண்டையும் சேர்த்தே பேசினார்கள்.

காசு கரிசல் வீட்டுக்குள் அடிக்கடி வரத் தொடங்கியது தீப்பெட்டி ஆபீசுகளால்தான். 1920-களில் சிவகாசியில் வேர்விட்ட தொழில் கோவில்பட்டிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் பரவியது. ஆண்டுக்கு ஒரு முறை தானியம் பார்த்த வீட்டில் வாரச் சம்பளம். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பெண்கள் சம்பாதித்த காசு. அதைத் தேடித்தான் பாத்திரச் சீட்டு வந்தது, தவணைக்காரர் வந்தார், எவர்சில்வர் வந்தது. எவர்சில்வருக்கு ஈயம் வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், களிம்பு இல்லை. மண்பாண்டம் மட்டுமே விதிக்கப்பட்டிருந்த வீடுகளில் முதல் எவர்சில்வர் குடம் இறங்கியபோது அதற்கு இருந்த மதிப்பை விலைச்சீட்டில் எழுத முடியாது. பிறகு பிளாஸ்டிக் குடம். குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்த கரிசல் பெண்களுக்கு அதன் லேசான எடை பெரிய விடுதலை. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியும், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வீடு சேர்ந்தன. உரலும் அம்மியும் கொல்லைக்குப் போனதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. அவற்றில் தேய்ந்தது பெண்களின் தோள்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகு தொடங்கியது. தேவைக்கு வந்த பொருட்களின் பின்னாலேயே தேவை இல்லாதவையும் நுழைந்தன. ரேஷன் அரிசி வந்ததும் கம்பும் குதிரைவாலியும் தட்டிலிருந்து குறைந்தன. குலுக்கைக்கு வேலை போனது. பல வீடுகளில் அதை உடைத்து அந்த இடத்தில் பீரோவை வைத்தார்கள். குலுக்கைக்கு மேல்வாயும் அடித்துவாரமும் இருந்தன. போட்டது வெளியே வந்தாக வேண்டும். பரணில் ஏறிய மொய்ப் பாத்திரமும் சீர்வரிசைத் தட்டும் அட்டைப்பெட்டியோடு அங்கேயே தங்கிவிட்டன. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை. மட்க வைக்க மண்ணாலும் முடியவில்லை. போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்தப் போக்கை முன்கூட்டியே பார்த்தவர் ஒருவர் கோவில்பட்டிக்கு வடக்கே, கரிசல் தொடும் தே. கல்லுப்பட்டியில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். ஜே.சி. குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயம் படித்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆராய்ந்து, மேல்நாட்டு உடையோடு ஊர் திரும்பியவர். 1929-இல் காந்தியைச் சந்தித்தபின் கதராடைக்கு மாறினார். 1934-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. வாழ்க்கையை உயர்ந்த தரம், தாழ்ந்த தரம் என்று பிரிப்பதே தவறு, சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்றுதான் பிரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். எளிய வாழ்க்கைக்கு அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். வயிறு நிறையச் சத்தான உணவு, உடுத்த துணி, இருக்க வீடு, கைக்குத் தொழில் இவை எல்லாருக்கும் கிடைத்த பிறகே மற்றது. அவருடைய குடிசைச் சுவரில் ஓர் ஏழை விவசாயியின் படம் இருந்ததாகச் சொல்வார்கள். யார் என்று கேட்டவரிடம், காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்றாராம். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளன்று குமரப்பா காலமானார். பொருளியலாளர் ஷூமாக்கர் 1973-இல் எழுதி உலகப் புகழ் பெற்ற ‘சிறியதே அழகு’ நூல் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறது. தே. கல்லுப்பட்டிக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் கரிசல்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குமரப்பாவின் பெயர் தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

ஜப்பானியப் பெண்மணி மரி கோண்டோவின் புத்தகம் 2014-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, வீட்டை ஒழித்துச் சாமான் குறைப்பது நகரங்களில் ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டது. மகிழ்ச்சி தராததை எடுத்துப் போடு என்கிறது அது. நல்ல யோசனைதான், சந்தேகமில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால் வாங்குவதைப் பற்றியும், வாங்கியதைப் பழுது பார்ப்பதைப் பற்றியும், பக்கத்து வீட்டோடு பகிர்வதைப் பற்றியும் கரிசல் யோசித்திருந்தது. இன்றைக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்தது அந்த மூன்றும்தான். கல்யாணப் பாத்திரம் ஊர்ப் பொதுவில் இருந்தது போல ஏணி, டிரில், தையல் மிஷின் எல்லாவற்றையும் ஒரு தெரு பொதுவில் வைத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டு, 2021 டிசம்பரில் மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்த அரசு, பழுது பார்க்கும் தொழிலாளிகளுக்கும் சந்தைத்திடலில் ஒரு நிரந்தர இடம் ஒதுக்கினால் எவ்வளவோ நல்லது.

வரும் மார்கழியில் பரணை இறக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய சாமானைக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, அது என்ன, யார் செய்தது, யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாகவே வெளியிட்டார். பொருட்களுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். நல்ல நிலையில் இருப்பதைத் தேவைப்படும் வீட்டுக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக்கைத் தீயில் போடாமல் தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சேர்த்துவிடுங்கள். எங்காவது உடையாத குலுக்கை ஒன்று நின்றால் அதை உடைத்துவிடாதீர்கள். இந்தப் புரட்டாசிக்கு விதைக்கும் குதிரைவாலியில் நாலு மரக்கால் அதில் போட்டுப் பாருங்கள்.